86 சென்டிமீட்டருக்குப் பிறகு

அண்ணனுக்குச் சிறுத்துப்போன சட்டை தங்கைக்கு வந்து சேர்வது நடுத்தரக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கட்டம்போட்ட சட்டை கைமாறியது. அதை அணிந்து பள்ளிக்குச் சென்ற முதல் நாளே தங்கை அழுதுகொண்டு திரும்பினாள். "பையன் சட்டை" என்று வகுப்பில் கேலி செய்திருக்கிறார்கள். துணியிலோ நிறத்திலோ அளவிலோ அவர்கள் குறை காணவில்லை. பொத்தான் வலப்பக்கம் இருப்பதைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஏழு வயதுக் குழந்தைகளுக்கு இந்த இலக்கணத்தை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்ற கேள்வி வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தோன்றியது. தேடிப் பார்த்தபோது, அது பன்னாட்டுச் சட்டமாகவே எழுதப்பட்டிருப்பது தெரியவந்தது.

வழக்கம் இதுதான். ஆண்கள் சட்டையில் அணிபவரின் வலப்பக்கம் பொத்தான், இடப்பக்கம் காஜா; எனவே இடப்பக்கப் பட்டி மேலே வந்து மூடும். பெண்கள் சட்டையில் இது தலைகீழ். ஏன் இப்படி என்று கேட்டால் பல கதைகள் கிடைக்கின்றன. இடுப்பின் இடப்புறம் வாள் செருகிய வீரன், வலக்கையால் அதை உருவும்போது துணி சிக்காமல் இருக்க ஆண்களின் ஆடை அவ்வாறு அமைந்ததாம். செல்வந்தர் வீட்டுப் பெண்களுக்குப் பணிப்பெண்களே எதிரில் நின்று உடுத்திவிட்டதால், பணிப்பெண்ணின் வலக்கைக்கு ஏற்ப பொத்தான் இடம் மாறியதாம். குழந்தையை இடக்கையில் ஏந்திப் பாலூட்டும் தாய்க்கு வலக்கையால் ஆடையை விலக்க வசதியாம். இவற்றில் எதற்கும் உறுதியான சான்று இல்லை. செல்வந்தர் வீட்டு ஆண்களுக்கும் உடுத்திவிடப் பணியாளர்கள் இருந்தார்களே என்று கேட்டால் இரண்டாவது கதை அங்கேயே நின்றுவிடும். எஞ்சுவது ஓர் எளிய உண்மை: மனிதர்களில் பத்தில் ஒன்பது பேர் வலக்கைப் பழக்கம் உடையவர்கள், அவர்களுக்கு வசதியான அமைப்பு ஆண்களிடம் இருக்கிறது.

ஆடையின் எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்பது எல்லா நாகரிகங்களிலும் ஆண்-பெண் கேள்வியாக இருந்ததில்லை. ஜப்பானியக் கிமோனோவில் ஆண், பெண் இருவருக்கும் இடப்பக்கமே மேலே வரும். வலப்பக்கம் மேலே வருமாறு உடுத்துவது இறந்தவர்களுக்கு மட்டும். அங்கே கோடு உயிருக்கும் மரணத்துக்கும் இடையில் கிழிக்கப்பட்டிருக்கிறது. முகலாயர் காலத்து ஜாமாவை இந்துக்கள் இடப்பக்கமும் முஸ்லிம்கள் வலப்பக்கமும் முடிந்தனர். சிற்றோவியத்தில் இருப்பவர் யாரென்று அடையாளம் காண இன்றும் வரலாற்றாய்வாளர்கள் அந்த முடிச்சைத்தான் பார்க்கிறார்கள். எந்த வேறுபாட்டைக் கண்ணுக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு சமூகம் விரும்புகிறதோ, அதைத் துணியின் மடிப்பில் எழுதிவைக்கிறது.

நம் காலம் அதை எங்கே எழுதியிருக்கிறது? உலகச் சுங்க அமைப்பின் 'இசைவு முறை' என்ற பொருள் வகைப்பாட்டில். 1988-இல் நடைமுறைக்கு வந்த இந்த முறையைத்தான் இந்தியா உள்ளிட்ட பெரும்பாலான நாடுகள் சுங்கவரிக்குப் பயன்படுத்துகின்றன. பின்னலாடைகளுக்கான 61-ஆம் அத்தியாயத்திலும் நெய்த துணி ஆடைகளுக்கான 62-ஆம் அத்தியாயத்திலும் ஒரு குறிப்பு உண்டு. முன்புறம் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் மூடினால் அது ஆண்கள் அல்லது சிறுவர் ஆடை; வலப்பக்கம் இடப்பக்கத்தின் மேல் மூடினால் பெண்கள் அல்லது சிறுமியர் ஆடை. வெட்டமைப்பே தெளிவாகக் காட்டிக்கொடுத்தால் மட்டும் இதற்கு விலக்கு. யாருடையது என்று அடையாளம் காண முடியாத ஆடை எதுவானாலும் பெண்கள் பிரிவில் சேரும்.

கடைசி வரி கவனிக்கத்தக்கது. ஆணுடையது என்று சொல்ல அடையாளம் வேண்டும். பெண்ணுடையது என்று சொல்ல அடையாளம் இல்லாமையே போதும். மீதமானதைப் பெண்கள் தட்டில் வைக்கும் வீட்டுப் பழக்கத்தைச் சுங்கத் துறையும் அறிந்திருக்கிறது போலும்.

இதே அத்தியாயங்களில் இன்னொரு குறிப்பும் உண்டு. உடல் உயரம் 86 சென்டிமீட்டருக்கு மேற்படாத குழந்தைகளின் ஆடைகள் ஆண், பெண் என்று பிரிக்கப்படாமல் 'மழலையர் ஆடை' என்ற ஒரே தலைப்பில் அடங்கும். அதாவது, ஏறத்தாழ இரண்டு வயது வரை குழந்தை குழந்தைதான். அதன்பின் சட்டைக்குப் பொத்தான் எந்தப் பக்கம் என்று உலக வணிகம் கேட்கத் தொடங்கிவிடுகிறது.

இது வெறும் ஏட்டுப் பிரிவு அல்ல, பணம் சம்பந்தப்பட்டது. அமெரிக்காவின் அடிப்படைச் சுங்கவரி அட்டவணையில் நெய்த பருத்திச் சட்டை ஆண்களுடையதானால் பொதுவாக 19.7 சதவீதம், பெண்களுடையதானால் 15.4 சதவீதம். பின்னல் பருத்திச் சட்டைக்கு இருபாலுக்கும் ஒரே 19.7. திருப்பூர் பெருமளவில் அனுப்பும், பொத்தானும் கழுத்துப்பட்டையும் இல்லாத பருத்தி டி-சர்ட்டுக்கோ பாலினமே கேட்கப்படுவதில்லை. யார் அணிந்தாலும் 16.5. அதே துணியில் கழுத்துப்பட்டையும் மூன்று பொத்தானும் வைத்துவிட்டால் உடனே அதற்கு ஒரு பாலினம் வந்துவிடுகிறது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் வரியை அமெரிக்கா 50 சதவீதமாக உயர்த்தியபோது, அது இந்த அடிப்படை விகிதங்களின் மேல்தான் ஏறியது. ஒற்றை இலக்க லாபத்தில் ஓடும் தொழிலில் நான்கு சதவீத வேறுபாடு அற்பமானதல்ல.

மேற்கண்ட ஒரு வரியை மட்டும் பார்த்தால் பெண்களுக்கு லாபம் என்று தோன்றும். ஒட்டுமொத்தக் கணக்கு வேறு. அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையத்தின் பொருளியலாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2015-இல் பெண்கள் ஆடைகளுக்கான சராசரி வரி 15.1 சதவீதம், ஆண்கள் ஆடைகளுக்கு 11.9 சதவீதம். நியூயார்க் நகர நுகர்வோர் துறை 2015-இல் ஏறக்குறைய 800 பொருள்களை ஒப்பிட்டபோது, சிறுமியர் ஆடைகள் சிறுவர் ஆடைகளைவிட 4 சதவீதமும் பெண்கள் ஆடைகள் 8 சதவீதமும் கூடுதல் விலையில் விற்பது தெரிந்தது. கையுறைகளில் ஆண்களுடையவற்றுக்குக் கூடுதல் வரி விதிக்கப்படுவதை எதிர்த்து டோட்ஸ்-ஐசோட்டோனர் நிறுவனம் நீதிமன்றம் சென்றது. பாகுபாடு காட்டும் நோக்கம் இருந்ததாக நிறுவாவிட்டால் வழக்கு நிற்காது என்று 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. நோக்கம் யாருக்கும் இல்லாதிருக்கலாம். வரி மட்டும் வசூலாகிறது.

இந்தியாவின் சுங்கவரிச் சட்டமும் மேற்சொன்ன குறிப்புகளை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால், சரக்கு மற்றும் சேவை வரியில் சட்டையின் விலைதான் விகிதத்தைத் தீர்மானிக்கிறது. பொத்தானின் பக்கம் அல்ல. இந்த ஒரு விஷயத்தில் நம் ஏற்பாடு மேலானது.

நமக்கு இந்தக் கேள்வி வேறு வாசல் வழியாக வந்தது. 2021 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் பாலுசேரி அரசு மேல்நிலைப் பள்ளி மாணவியருக்குக் கால்சட்டையும் சட்டையும் கொண்ட பொதுச் சீருடை அறிமுகமானது. எர்ணாகுளம் மாவட்டம் வளயஞ்சிரங்கரையின் அரசுத் தொடக்கப் பள்ளி சில ஆண்டுகளுக்கு முன்பே முக்கால் கால்சட்டையும் சட்டையும் இருபாலருக்கும் ஒன்றாக்கியிருந்தது. ஓடவும் குதிக்கவும் வசதி என்று பலர் வரவேற்றனர். முஸ்லிம் அமைப்புகள் சில, ஆண்களின் உடையைப் பெண்கள்மீது திணிப்பதாக எதிர்த்தன. 2022-இல் முதல்வர் பினராயி விஜயன், அரசு எந்தச் சீருடையையும் திணிக்காது என்று சட்டப்பேரவையில் விளக்க வேண்டியதாயிற்று.

பொதுச் சீருடை வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் எதிர்த்தவர்களின் வாதத்தில் ஒரு பகுதியை ஒதுக்கிவிட முடியாது. சுங்கச் சட்டம், யாருடையதென்று தெரியாததைப் பெண்ணுடையது என்கிறது. பள்ளியோ பொதுவானது என்ற பெயரில் ஆணுடையதைத் தைக்கிறது. இருபாலருக்கும் என்று விற்கப்படும் சட்டைகளிலும் பெரும்பாலும் பொத்தான் வலப்பக்கமே. சிறுமிகள் நகர்ந்து வரவேண்டும், சிறுவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம் என்றால், அதைப் பொது என்று அழைப்பதற்குத் தயக்கம் வேண்டும். வலக்கைக்கு வசதி என்பதற்காக அந்தப் பக்கத்தைத் தேர்ந்தால், அந்தக் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லித் தேரலாம். அப்போது அது பையன் சட்டை ஆகாது.

பெரியவர்களின் ஆடையில் தோள், மார்பு, இடுப்பு அளவுகள் வேறுபடுவதால் தனி வெட்டு தேவைதான். வகைப்படுத்தும் அதிகாரிக்கு ஏதேனும் ஓர் அளவுகோல் வேண்டும் என்பதும் நியாயமே. ஆனால் பருவமடையாத குழந்தைகளின் சட்டை வெட்டில் பெரிய வேறுபாடு ஏது? இசைவு முறை ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. 1996 முதல் 2022 வரை ஆறு பதிப்புகள் வந்துவிட்டன. 86 சென்டிமீட்டர் என்ற வரம்பைப் பத்து, பதினோரு வயதுக் குழந்தையின் உயரத்துக்கு உயர்த்தலாம் என்று அந்த அமைப்பில் முன்மொழிய, உலகுக்கே ஆடை தைத்து அனுப்பும் இந்தியாவைவிடப் பொருத்தமான நாடு இருக்க முடியாது. அதற்குக் காத்திருக்க விரும்பாத மாநில அரசுகள், தொடக்கப் பள்ளிச் சீருடைக்கான ஒப்பந்தப்புள்ளியில் எல்லாச் சட்டைக்கும் ஒரே பக்கம் பொத்தான் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். துணியும் நூலும் கூடுதலாகச் செலவாகாது. தையற்கூடங்களில் இரண்டு அச்சுக்குப் பதில் ஓர் அச்சு, காஜா பிரிவில் இரண்டு அடுக்குக்குப் பதில் ஓர் அடுக்கு. அண்ணன் சட்டை தங்கைக்கும், அக்கா சட்டை தம்பிக்கும் பிரச்சினையின்றிப் போய்ச்சேரும். எங்கள் தெருத் தையற்காரர் அன்று தங்கையின் சட்டையைப் பிரித்துப் பொத்தானை இடம்மாற்ற முடியாது என்று கைவிரித்தார். காஜாவை அடைத்தால் தழும்பு தெரியுமாம். கடைசியில் அந்தச் சட்டை அடுப்படித் துணியாயிற்று.