ஐந்து டாலரும் உலைக்களமும்: ஃபோர்டின் வரலாற்றை ஃபவுண்டரியிலிருந்து வாசித்தல்

சென்னையை அடுத்த மறைமலை நகரில் 2022இல் உற்பத்தியை நிறுத்திய ஃபோர்டு கார் ஆலை மீண்டும் இயங்கவிருக்கிறது. 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் அங்கே எஞ்சின்கள் தயாரிக்கப்படும், 2029இல் உற்பத்தி தொடங்கும், 600க்கும் மேற்பட்டோருக்கு வேலை கிடைக்கும் என்று 2025 அக்டோபர் இறுதியில் அறிவிக்கப்பட்டது. முதலீட்டின் அளவும் வேலைகளின் எண்ணிக்கையும் செய்தியாகின்றன. எந்த வேலை யாருக்கு, அதைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்விகள் செய்தியாவதில்லை. இக்கேள்விகளைக் கேட்டு, அவற்றுக்காக அடிபட்டு, ஓரளவு வென்றும் காட்டிய மக்கள் ஃபோர்டு நிறுவனத்தின் வரலாற்றிலேயே இருக்கிறார்கள். அவர்கள் டெட்ராய்ட் நகரின் கறுப்பினத் தொழிலாளர்கள். வணிகவியல் பாடநூல்கள் ஃபோர்டின் கதையை அசெம்பிளி லைனிலிருந்து தொடங்குகின்றன. நாம் அதை இரும்பை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரியிலிருந்து வாசிக்க வேண்டியிருக்கிறது.

நிபந்தனைகளோடு வந்த கூலி

1903 ஜூனில் தொடங்கப்பட்ட ஃபோர்டு மோட்டார் கம்பெனி, 1908இல் மாடல் டி காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1913இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் அசெம்பிளி லைன் அமைக்கப்பட்டது. 12 மணி நேரத்துக்கு மேல் பிடித்த கோர்ப்பு வேலை, சில மாதங்களில் சுமார் ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. உற்பத்தி பெருகியது, தொழிலாளர்கள் ஓடத் தொடங்கினர். ஒரே திருகை நாள் முழுவதும் முடுக்கிக்கொண்டிருக்கும் வேலையில் எவரும் நிலைக்கவில்லை. 1913ஆம் ஆண்டில் ஆள் மாற்ற விகிதம் 370 விழுக்காடு. அதாவது, நூறு இடங்களை நிரப்பி வைத்திருக்க ஆண்டுக்கு 370 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது.

1914 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட ஐந்து டாலர் நாட்கூலி இந்தச் சிக்கலுக்கான மருந்து. அதுவரை சராசரி நாட்கூலி இரண்டரை டாலருக்கும் குறைவு. வேலை நேரமும் ஒன்பது மணியிலிருந்து எட்டாகக் குறைக்கப்பட்டது. உலகமே வியந்த அந்த ஐந்து டாலரில் ஏறத்தாழப் பாதி கூலி. மறுபாதி 'இலாபப் பங்கு'. அந்தப் பங்கைப் பெறத் தொழிலாளர் தகுதியானவர் என்று நிறுவனம் சான்றளிக்க வேண்டும். இதற்கென்றே 'சமூகவியல் துறை' ஒன்று ஏற்படுத்தப்பட்டது. அதன் விசாரணையாளர்கள் வீடு வீடாகச் சென்றனர். வீடு தூய்மையாக உள்ளதா, குடிப்பழக்கம் உண்டா, சேமிப்பு எவ்வளவு, குடும்ப வாழ்க்கை முறையாக இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்துக் குறிப்பெடுத்தனர். பெண் தொழிலாளர்கள் தொடக்கத்தில் இந்தத் திட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். தன் கூலியைப் பெற ஒழுக்கச் சான்று காட்ட வேண்டிய நிலையைத்தான் முதலாளியின் தாராளம் என்று உலகம் கொண்டாடியது.

திறந்த கதவும் ஒதுக்கப்பட்ட இடமும்

முதல் உலகப் போர் ஐரோப்பியக் குடியேற்றத்தைத் தடுத்தது. வடக்கின் ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. அமெரிக்கத் தெற்கின் பருத்திக் காடுகளிலிருந்தும் சாதிக் கொடுமைக்கு நிகரான நிறவெறிச் சட்டங்களிலிருந்தும் தப்பிய கறுப்பின மக்கள் டெட்ராய்ட் நோக்கி வந்தனர். 1910இல் 6,000க்கும் குறைவாக இருந்த அந்நகரின் கறுப்பின மக்கள்தொகை 1930இல் 1,20,000 ஆயிற்று. மற்ற கார் நிறுவனங்கள் அவர்களுக்குத் துடைப்பத்தைக் கொடுத்தன. அல்லது கதவையே சாத்தின. ஃபோர்டு பெருமளவில் வேலைக்கு எடுத்தது. 1920களின் நடுவில் சுமார் 10,000 கறுப்பினத்தவர் அங்கே பணிபுரிந்தனர். தொடக்கக் கூலி வெள்ளையருக்கு இணையானது. சிலர் டூல் ரூம் வேலைகளுக்குச் சென்றனர். சிலர் மேற்பார்வையாளராகவும் ஆயினர். வேறெந்த ஆலையிலும் அன்று கிட்டாத வாய்ப்பு இது. இதை மறைத்துவிட்டு ஃபோர்டை விமர்சிப்பது நேர்மையாகாது.

ஆனால் அந்தக் கதவைத் திறப்பதற்கான சாவி தொழிலாளர் கையில் இல்லை. வேலைக்குக் கறுப்பினத் தேவாலயப் போதகரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். செகண்ட் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகர் ராபர்ட் பிராட்பி போன்றவர்கள் 'நம்பகமான' ஆட்களைத் தேர்ந்து அனுப்பினர். தொழிற்சங்க ஆதரவாளர்களுக்கு மேடை தரும் தேவாலயம், தன் மக்களின் வேலையைப் பணயம் வைத்தாக வேண்டும். ஆகவே நன்றியும் அச்சமும் சேர்ந்தே வளர்ந்தன.

உள்ளே நுழைந்தவர்களில் பெரும் பங்கினர் சென்ற இடம், டியர்பார்ன் நகரின் ரூஜ் ஆலையில் இருந்த ஃபவுண்டரி. உருகிய இரும்பின் வெக்கை, மணல் தூசி, புகை, தீக்காயம் ஆகியவற்றுக்கு நடுவே நடக்கும் வேலை அது. பொருளியல் வரலாற்றாய்வாளர்களான வாரன் வாட்லியும் தாமஸ் மலோனியும் இந்த ஏற்பாட்டின் உட்பொருளை விளக்கியுள்ளனர். வெள்ளைத் தொழிலாளருக்கு ஃபவுண்டரி பிடிக்காவிட்டால் அதே அளவு கூலிக்கு வேறோர் ஆலை இருந்தது, அவர் கிளம்பிவிடுவார். கறுப்பினத் தொழிலாளருக்கு, குறிப்பாகக் குடும்பத்தைத் தாங்கும் மணமானவருக்கு, அத்தகைய கூலி தரும் வேறிடம் இல்லை, அவர் தங்கிவிடுவார். நகரம் முழுவதும் நிலவிய பாகுபாடுதான் ஃபோர்டின் உலைக்களத்துக்கு நிலையான ஆட்களைத் தந்தது. கூலி சமமாக இருந்தது. அந்தக் கூலிக்கு ஈடாக உடல் செலுத்திய விலை சமமாக இல்லை.

ஆலைக்கு வெளியேயும் இதே கணக்குதான். ரூஜ் ஆலை நின்ற டியர்பார்னில் கறுப்பினத்தவர் குடியிருக்க இயலாது. 1942 முதல் 1978 வரை அந்நகரின் மேயராக இருந்த ஓர்வில் ஹப்பார்ட், இனப் பிரிவினையை வெளிப்படையாகவே ஆதரித்தவர். வேலை நேரத்தில் வரலாம், இருட்டுவதற்குள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்பது எழுதப்படாத விதி. நம் வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கறுப்பினத் தொழிலாளர்கள் டெட்ராய்டின் நெரிசலான பகுதிகளிலும் இங்ஸ்டர் என்ற சிற்றூரிலும் வாழ்ந்தனர். பெருமந்தத்தின்போது இங்ஸ்டரை ஃபோர்டு 'தத்தெடுத்தது'. அவ்வூர்த் தொழிலாளருக்குக் கூலியின் சிறு பகுதி மட்டுமே கையில் கிடைத்தது. மீதி, கடனுக்கும் ஊர்ச் சீரமைப்புக்கும் எனப் பிடிக்கப்பட்டது.

கறுப்பினத்தவருக்கு வேலை தந்த அதே ஹென்றி ஃபோர்டு, தன் சொந்த வார இதழான 'டியர்பார்ன் இண்டிபெண்டன்ட்'டில் 1920 முதல் யூதர்களுக்கு எதிரான வெறுப்பைத் தொடர்ந்து அச்சிட்டார். 1938இல் ஹிட்லர் அரசின் விருதையும் ஏற்றுக்கொண்டார். இவை முரண்பட்ட இரு முகங்கள் போலத் தோன்றலாம். எந்த மக்கள் தகுதியானவர்கள் என்று தீர்மானிக்கும் உரிமை தனக்கு உண்டு என்ற நம்பிக்கையே இரண்டுக்கும் அடித்தளம்.

மரணத்திலும் பிரிக்கப்பட்டவர்

1932 மார்ச் 7 அன்று வேலையிழந்த ஆயிரக்கணக்கானோர் டெட்ராய்டிலிருந்து ரூஜ் ஆலையை நோக்கிப் 'பசிப் பேரணி' சென்றனர். வேலை, மருத்துவ வசதி ஆகியவற்றோடு கறுப்பினத்தவர்மீதான பாகுபாட்டை நிறுத்தவும் அவர்கள் கோரினர். டியர்பார்ன் காவல்துறையும் ஃபோர்டின் காவலர்களும் சுட்டதில் நால்வர் உயிரிழந்தனர். பெருந்திரளான இறுதி ஊர்வலத்துக்குப் பின் அந்நால்வரும் உட்மியர் கல்லறைத் தோட்டத்தில் அருகருகே அடக்கம் செய்யப்பட்டனர்.

ஐந்தாமவர் கர்டிஸ் வில்லியம்ஸ். காயமடைந்த அவர் சில மாதங்களுக்குப் பின் இறந்தார். தோழர்களின் அருகே அவரைப் புதைக்க இடம் மறுக்கப்பட்டது. காரணம், அவர் கறுப்பினத்தவர். ஒரே பேரணியில் நடந்து, ஒரே துப்பாக்கிச் சூட்டுக்கு ஆளானவர்களையும் கல்லறை பிரித்துவைத்தது. பொதுச் சுடுகாட்டுக்கும் பாதைக்கும் இன்றும் போராடிக்கொண்டிருக்கும் நம் ஊர்களிலிருந்து பார்க்கையில், இந்தப் பெயரை நினைவில் வைத்திருக்கும் கடமை நமக்கும் உண்டு.

1941: உள்ளே நின்றவர்களும் வெளியே நின்றவர்களும்

1937இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் யு.ஏ.டபிள்யூ. எனப்படும் வாகனத் தொழிலாளர் சங்கத்தை அங்கீகரித்தன. ஃபோர்டு மறுத்தது. ஹாரி பென்னட் தலைமையிலான நிறுவனத்தின் 'சர்வீஸ் துறை', உளவாளிகளும் அடியாட்களும் நிறைந்த தனிப்படையாக இயங்கியது. 1937 மே 26 அன்று ரூஜ் ஆலையின் மேம்பாலத்தில் துண்டறிக்கை கொடுக்க வந்த சங்கத் தலைவர்களை அது புகைப்படக்காரர்களின் கண்ணெதிரிலேயே தாக்கியது.

1941 ஏப்ரல் 1 அன்று ரூஜ் ஆலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத் தொழிலாளர்கள் வெளியே வர மறுத்து ஆலைக்குள்ளேயே தங்கினர். நிறுவனம் அவர்களை வேலைநிறுத்தத்துக்கு எதிராகப் பயன்படுத்தியது. 'கருங்காலிகள்' என்று ஒரே சொல்லில் அவர்களை ஒதுக்கிவிட முடியும். ஆனால் அவர்கள் ஏன் தங்கினார்கள்? அதுவரை அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் பலவும் கறுப்பினத்தவரை உறுப்பினராகவே சேர்த்ததில்லை. நல்ல வேலைப் பிரிவுகளில் அவர்கள் நுழைவதை எதிர்த்தவர்களில் சக வெள்ளைத் தொழிலாளர்களும் இருந்தனர். நேற்றுவரை பக்கத்தில் நிற்க மறுத்தவர் இன்று 'தோழரே' என்று அழைத்தால், அந்த அழைப்பை ஐயுறுவது இயல்பு.

இந்தச் சிக்கலை இந்தியாவில் முன்பே எழுப்பியவர் அண்ணல் அம்பேத்கர். பம்பாய் பஞ்சாலைகளில் கூலி கூடுதலான நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோருக்கு இடமில்லை. அறுந்த நூலை வாயால் ஈரப்படுத்த வேண்டியிருந்ததால் 'தீட்டு' என்றனர் சாதி இந்துத் தொழிலாளர்கள். 1928 வேலைநிறுத்தத்தின்போது, அந்தத் தடையை நீக்குவதும் கோரிக்கையாக வேண்டும் என்று அம்பேத்கர் வலியுறுத்தினார். தொழிலாளர் ஒற்றுமை என்பது ஒதுக்கப்பட்டவரின் கோரிக்கையையும் சுமக்க வேண்டும் என்ற அதே கேள்விதான் ரூஜ் ஆலையின் வாயிலிலும் நின்றது.

அங்கே அதற்கு ஒரு விடை கிடைத்தது. கறுப்பின மக்களின் முதன்மை உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் செயலாளர் வால்டர் ஒயிட் டெட்ராய்ட் வந்து, ஆலைக்கு வெளியே ஒலிபெருக்கி வழியாக உள்ளிருந்தவர்களை வெளியே வருமாறு அழைத்தார். கறுப்பினப் போதகர்கள் சிலரும் நிறுவனத்தின் பிடியிலிருந்து விலகினர். சங்கம் சம உரிமைக்கு வாக்குறுதி அளித்தது. பத்து நாள்களில் வேலைநிறுத்தம் முடிந்தது. மே 21 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் யு.ஏ.டபிள்யூ.வுக்கு வாக்களித்தனர். ஜூன் 20 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பேச்சுவார்த்தைக் குழுவில் ஃபவுண்டரித் தொழிலாளர் ஷெல்டன் டாப்ஸ் இருந்தார். இனப் பாகுபாட்டைத் தடுக்கும் பிரிவு அந்த ஒப்பந்தத்தில் இடம்பெற்றதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

இந்த இடமே நம் வாசிப்பின் மையம். 1920களில் சலுகையாகக் கிடைத்தது, 1941இல் உரிமையாக எழுதப்பட்டது. போதகரின் கடிதத்துக்குப் பதிலாகப் பணிமூப்பு வந்தது. மேற்பார்வையாளரின் மனநிலைக்குப் பதிலாகக் குறைதீர்ப்பு முறை வந்தது. இதனால் பாகுபாடு ஒழிந்துவிடவில்லை. 1943இல் டெட்ராய்டின் பேக்கார்ட் ஆலையில் மூன்று கறுப்பினத்தவருக்குப் பதவி உயர்வு கொடுத்ததற்காக, யு.ஏ.டபிள்யூ. உறுப்பினர்களான வெள்ளையர் சுமார் 25,000 பேர் வேலையைப் புறக்கணித்தனர். ஆயினும் எதிர்த்துக் கேட்பதற்கான எழுத்து, கையில் இருந்தது.

ஆலை நகர்ந்தபோது

உரிமை கிடைத்த சில ஆண்டுகளில் வேலையே நகரத் தொடங்கியது. ஃபோர்டு தன் உற்பத்தியைத் தானியங்கி இயந்திரங்களுக்கும் பிற ஊர்களின் புதிய ஆலைகளுக்கும் மாற்றியது. 1945இல் 85,000 பேர் பணிபுரிந்த ரூஜ் ஆலையில் 1954இல் 54,000 பேரும், 1960இல் 30,000 பேரும் மட்டுமே இருந்தனர். வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறவெறி நிலவியதால், வேலை போன இடத்துக்குக் கறுப்பினக் குடும்பங்கள் பின்தொடர்ந்து செல்ல இயலவில்லை.

பழைய நோய் புதிய வடிவங்களிலும் வெளிப்பட்டது. 1996இல் பிரிட்டனின் டேகன்ஹாம் ஆலைத் தொழிலாளர்களின் விளம்பரப் படமொன்றில், கறுப்பின, ஆசியத் தொழிலாளர்களின் முகங்கள் அழிக்கப்பட்டு வெள்ளை முகங்கள் ஒட்டப்பட்டிருந்தது அம்பலமாயிற்று. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு இழப்பீடு வழங்கியது. 2017இல் சிகாகோவின் இரண்டு ஆலைகளில் இன, பாலியல் துன்புறுத்தல் புகார்களைத் தீர்க்க, ஒரு கோடி டாலருக்குச் சற்று மேல் வரை வழங்க ஃபோர்டு ஒப்புக்கொண்டது. விசாரித்தது சம வேலைவாய்ப்புக்கான அரசு ஆணையம்.

அப்படியோர் ஆணையம் இருப்பது தற்செயல் அல்ல. அது 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் உருவானது. 100 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் தனியார் நிறுவனங்கள், எந்த வேலைநிலையில் எந்த இனத்தவர், எந்தப் பாலினத்தவர் எத்தனை பேர் என்ற கணக்கை ஆண்டுதோறும் அதற்குத் தர வேண்டும் என்ற விதி உண்டு.

மறைமலை நகரில் நாம் கேட்க வேண்டியவை

1995இல் மஹிந்திராவுடன் கூட்டாக இந்தியாவுக்குத் திரும்பிய ஃபோர்டு, பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் இழப்பு எனக் கூறி 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சுமார் 4,000 பணியாளர்கள் பாதிக்கப்படுவர் என்று நிறுவனமே கூறியது. உரிய இழப்பீடு கேட்டு மறைமலை நகர்த் தொழிலாளர்கள் 2022இல் உற்பத்தியை நிறுத்திப் போராடினர். அந்தப் பேச்சுவார்த்தை நிரந்தரத் தொழிலாளருக்கானது. ஒப்பந்தத் தொழிலாளர்களும், உதிரிபாக நிறுவனங்களிலும் கேன்டீனிலும் துப்புரவிலும் உழைத்தவர்களும் அதன் விளிம்பிலேயே நின்றனர்.

அவர்களில் தலித்துகள் எத்தனை பேர்? டூல் ரூமில் எத்தனை பேர், கழிவறையைக் கழுவும் ஒப்பந்தத்தில் எத்தனை பேர்? இந்தக் கணக்கை வெளியிடும் சட்டக் கடமை இந்தியாவில் எந்தத் தனியார் நிறுவனத்துக்கும் இல்லை. தனியார் துறையில் இடஒதுக்கீடும் இல்லை. எண்ணப்படாத பாகுபாட்டை நிறுவ முடியாது. நிறுவ முடியாததை எளிதில் மறுத்துவிடலாம்.

தொழில் நிறுவனங்களுக்கு நிலமும் மின்சாரமும் வரிச்சலுகையும் பொதுப்பணத்திலிருந்தே தரப்படுகின்றன. ஆகவே நாம் கேட்பது கருணையை அன்று. சலுகை பெறும் ஒவ்வொரு நிறுவனமும், ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட, வேலைநிலை வாரியாகத் தன் பணியாளர்களின் சமூகக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பதைப் புரிந்துணர்வு ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக்க வேண்டும். ஆள்சேர்ப்பு, பரிந்துரையால் அன்றிப் பொது அறிவிப்பின் வழியே நடக்க வேண்டும். தொழிற்சங்கங்களும் தம் கோரிக்கைப் பட்டியலில் சாதிப் பாகுபாட்டுத் தடையை எழுத்தில் சேர்க்க வேண்டும். ஷெல்டன் டாப்ஸ் 1941இல் செய்த வேலை அதுதான்.

எஞ்சின் உற்பத்தி தொடங்க 2029 வரை காலம் இருக்கிறது. ஆள் எடுத்து முடித்த பிறகு கேட்பதைவிட, இப்போதே கேட்பது எளிது.