இரண்டாம் முறை கத்தி வைக்குமுன்

பெசன்ட் நகர் ஆரோக்கிய அன்னையின் திருத்தலத்தில் ஆகஸ்ட் 29 அன்று கொடியேறியது முதல் செப்டம்பர் 8 வரை நேர்ச்சை செலுத்த வருவோருள், முதுகு கோணியோரும் கூனியோரும் சிலர் உளர். ஒருமுறை அறுவை சிகிச்சை செய்து, சில ஆண்டுகள் நலமாயிருந்து, மீண்டும் வலி கண்டு, மறுபடியும் திறக்கவேண்டும் என்று மருத்துவர் கூறக் கேட்டுக் கலங்குவோர் நம்மிடம் கேட்பது ஒன்றே: "சாமி, செய்துகொள்ளலாமா?"

இதற்கு விடை கூறுவது குருவின் வேலையன்று. ஆயினும் மருத்துவரிடம் எவற்றைக் கேட்டறிய வேண்டுமென நாம் சொல்லலாம்.

கோணிய முதுகெலும்பை உலோகக் கம்பியால் நிமிர்த்தும் முறையை அமெரிக்க மருத்துவர் பால் ஹாரிங்டன் 1962-இல் வெளியிட்டார். பின்னர் முறைகள் பல மாறின, அடிப்படை மாறவில்லை. கம்பி நிரந்தரத் தூணன்று. வீட்டுத் தளம் இறுகும்வரை முட்டுக்கொடுக்கும் சவுக்குக் கழி போன்றது. எலும்புகள் தம்முள் ஒட்டி ஒன்றாகாவிடில், பலமுறை வளைத்த கம்பி ஒடிவதுபோல அதுவும் ஒருநாள் முறியும். கம்பி முடியுமிடத்திற்கு மேலுள்ள எலும்பு நொறுங்கி, உடல் முன்சாய்வதும் உண்டு.

இரண்டாம் முறை திறக்கையில் பழைய தழும்பு நரம்புறையோடு பின்னிக் கிடக்கும். உறை கிழியலாம், இரத்தம் மிகுதியாய்ப் போகலாம், சீழ் பிடிக்கலாம், கால் வலுவிழக்கலாம். கடினமான கோணல்களுக்காக அறுவை செய்துகொண்ட வயதுவந்தோர் 272 பேரைப் பல நாடுகளில் ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட கணக்கின்படி, மருத்துவமனையை விட்டுச் செல்கையில் நூற்றுக்கு 22 பேருக்குக் கால்வலு முன்னிலும் குறைந்திருந்தது. ஆறு மாதத்தில் அது 11 ஆயிற்று. அச்சுறுத்த இதனைச் சொல்லவில்லை. கையொப்பமிடுமுன் குடும்பத்தார் அறிந்திருத்தல் முறை என்பதாலேயே சொல்கிறோம்.

முதிர்வயது நம் கையிலில்லை. எலும்பின் திண்மைக் குறைவு, சர்க்கரை, இரத்தசோகை, ஊட்டக்குறைவு ஆகியவற்றை முன்னரே சோதித்துச் சீராக்கலாம். அவசரமில்லாவிடில் அதற்காகச் சில மாதம் காத்திருத்தல் காலவிரயமன்று. புகைப்பழக்கம் எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும். அதிலுள்ள நிக்கோட்டின் வெற்றிலையோடு மெல்லும் புகையிலையிலும் மூக்குப்பொடியிலும் உண்டு. பீடியை விட்டேன் என்று அன்னைக்கு நேர்ந்துகொண்டு, பொடிமட்டையை மடியில் வைத்திருக்கும் பெரியவர்களை நாம் அறிவோம்! மருத்துவரிடமேனும் அவர்கள் அதை மறைக்கலாகாது.

இன்னொன்றும் உண்டு. நோயில்பூசுதலைப் பலர் இன்னமும் பழைய பெயரால் 'அவஸ்தைபூசுதல்' என்றெண்ணி, குருவைக் கண்டால் நோயாளி பயந்துவிடுவார் என்று மறைக்கின்றனர். 1972-இல் ஆறாம் சின்னப்பர் பாப்பரசர் இச்சடங்கைப் புதுப்பித்தார். கடினமான அறுவைக்கு முன் இதனைப் பெறுவது தகுமென்று 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும் கூறுகிறது. எனவே மருத்துவமனையில் சேருமுன்னரே பங்குக்குருவிடம் சொல்லிவிடுங்கள். இயலுமாயின் நோயாளி கோவிலுக்கே வந்து, குடும்பத்தார் சூழ அமர்ந்து பெறட்டும். அறுவையன்று அதிகாலையில் தள்ளுவண்டியின் பின்னால் எண்ணெய்ச் சிமிழோடு நாம் விரைவதைக் காட்டிலும் அது நன்று.