கருக்கலைப்புக்கு புருஷன் கையெழுத்து எதற்கு?

"புருஷனைக் கூட்டிட்டு வா. அவர் கையெழுத்துப் போட்டாத்தான் பார்ப்போம்."

கருவைக் கலைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிப் படி ஏறும் பெண்கள் பலர் கேட்கிற முதல் பேச்சு இதுதான்.

ஆனால் சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது!

18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும். புருஷனும் வேண்டாம், மாமியாரும் வேண்டாம். 18 வயது ஆகாதவருக்கும் மனநலம் குன்றியவருக்கும் மட்டுமே கார்டியன் எழுதித் தரவேண்டும்.

மந்திரி போட்ட பாதை

இந்தச் சட்டத்துக்குப் பாதை போட்டவர் ஒரு மாநில மந்திரி. பெயர் சாந்திலால் ஷா. மகாராஷ்டிரத்தில் சுகாதார மந்திரியாக இருந்தவர். 1964-ல் மத்திய அரசு அமைத்த கமிட்டிக்கு அவர்தான் தலைவர்.

அப்போது, 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிவைத்த தண்டனைச் சட்டம்தான். தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும் விலக்கு. மற்றபடி கருவைக் கலைத்தால் 3 ஆண்டு வரை ஜெயில். கரு அசைவு தெரிந்த பிறகு என்றால் 7 ஆண்டு வரை. கலைத்துவிட்டவர் மட்டும் அல்ல, கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளி!

அதற்குப் பயந்து யாராவது நிறுத்தினார்களா? இல்லை. எருக்கங்குச்சியைத் தேடிப் போனார்கள். 50 கோடி ஜனங்களுக்கு ஆண்டுக்கு 39 லட்சம் கருக்கலைப்பு என்று ஷா கமிட்டி கணக்குப் போட்டது.

தகுதி பெற்ற டாக்டர் கையில் விடுங்கள், திருட்டுத்தனமாக நடப்பது குறையும் என்பதே 1966 டிசம்பரில் கமிட்டி தந்த அறிக்கையின் சாரம். 1971-ல் பார்லிமெண்டு சட்டம் இயற்றியது. 1972 ஏப்ரல் 1-ந்தேதி அமலுக்கு வந்தது.

2021-ல் அது மேலும் தளர்ந்தது. இப்போது 20 வாரம் வரை ஒரு டாக்டர் கருத்து போதும். பலாத்காரத்துக்கு ஆளானவர், சிறுமி, கர்ப்பமாக இருக்கும்போதே விதவை ஆனவர் போன்றோருக்கு 24 வாரம் வரை வழி உண்டு. 2 டாக்டர் கருத்து வேண்டும். கல்யாணம் ஆகாத பெண்ணை ஒதுக்கக்கூடாது என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது.

உசிலம்பட்டி குழப்பம்

அப்புறம் ஏன் கையெழுத்து கேட்கிறார்கள்? பயம்! பழைய தண்டனைப் பிரிவு சாகவில்லை. 2024 முதல் புதிய சட்டத்தின் 88-வது பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. நாளைக்குப் புருஷன் வந்து தகராறு செய்தால்? அந்தப் பயத்துக்கு ஒரு கையெழுத்து.

மதுரைப் பக்கம் இன்னொரு குழப்பமும் உண்டு. 1980-களில் உசிலம்பட்டி பெண் சிசுக்கொலை நாட்டையே உலுக்கியது. 1992-ல் தொட்டில் குழந்தை திட்டம் வந்தது. ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று சொல்வதை 1994-ம் ஆண்டு சட்டம் குற்றம் ஆக்கியது. அது வேறு, இது வேறு. பெண் என்று தெரிந்து கலைப்பவனைப் பிடித்து உள்ளே தள்ளட்டும். அதற்காக, மூணு பிள்ளை பெற்று ஓய்ந்தவளையும் அதே கண்ணால் பார்க்கலாமா?

கருவும் ஓர் உயிர்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் ஆஸ்பத்திரியில் விரட்டினால் அவள் வீட்டுக்குப் போய் தொட்டிலா கட்டுகிறாள்? சீட்டு இல்லாமல் மாத்திரை விற்கும் மருந்துக்கடைக்குப் போகிறாள். போலி டாக்டரிடம் போகிறாள். ரத்தம் நிற்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போதுதான் போலீசுக்கும் பத்திரிகைக்கும் சேதி தெரிகிறது.

தகுதி இல்லாதவர் கருவைக் கலைத்தால் 2 முதல் 7 ஆண்டு வரை கடுங்காவல். பெண்ணின் பெயரை வெளியே விட்டால் டாக்டருக்கே ஓராண்டு வரை ஜெயில். இவ்வளவு பாதுகாப்பும் ஏட்டில் இருக்கிறது.

உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் என்று ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரியிலும் ஒரு போர்டு மாட்டட்டும்: "புருஷன் கையெழுத்து தேவை இல்லை."

போர்டுக்கு என்ன பெரிய செலவு? ஓர் உயிரின் விலையைவிடக் கம்மிதான்!