பட்டினி கிடந்தால் ஆயுள் கூடுமா?

அறுபதைத் தாண்டியவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்

சித்தன்னவாசலுக்குப் போயிருக்கிறீர்களா?

புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்தக் குன்று. அங்கே ஏழடிப்பட்டம் என்று ஒரு குகை. உள்ளே கல்லில் செதுக்கிய படுக்கைகள். ஏறத்தாழ 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சமணத் துறவிகள் அங்கே தங்கித் தவம் செய்தார்கள்.

நோன்பு அவர்களுடைய தவத்தில் ஒரு பகுதி. ஆயுளை நீட்டுவதற்காக அவர்கள் பட்டினி கிடக்கவில்லை. ஆசையை அடக்கவே கிடந்தார்கள்.

இன்று கதை வேறு. "பட்டினி கிடந்தால் முதுமை ஓடிப்போகும்" என்கிறார்கள். செல்போனைத் திறந்தால் இதே பேச்சு!

இது உண்மையா?

16 மணி நேரப் பட்டினி

ஒரு நாளில் 8 மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். மீதி 16 மணி நேரம் பட்டினி. இதுதான் இப்போது பிரபலமாகியுள்ள முறை.

இதற்கு ஒரு நோபல் பரிசையும் சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஜப்பான் விஞ்ஞானி யோஷினோரி ஓசுமி 2016-ல் அந்தப் பரிசைப் பெற்றார். இரை கிடைக்காதபோது உயிரணு தன் கழிவைத் தானே தின்று பிழைக்கிறது. அது எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்தவர் அவர்.

ஆனால், அவர் அதைக் கண்டது ஈஸ்ட்டில். ரொட்டி மாவைப் புளிக்க வைக்குமே, அந்த நுண்ணுயிர்! நம் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் அல்ல.

மனிதர்களிடம் சோதித்தபோது என்ன நடந்தது?

சீனாவின் குவாங்சௌ நகரில் உடல் பருத்த 139 பேரைச் சோதித்தார்கள். முடிவு 2022-ல் வெளியானது. எல்லோருக்கும் சாப்பாட்டு அளவைக் குறைத்தார்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும் 8 மணி நேரக் கெடுவும் விதித்தார்கள். ஓராண்டுக்குப் பின் எடை பார்த்தால், இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை!

எடையைக் குறைத்தது கடிகாரம் அல்ல. தட்டில் குறைந்த உணவுதான்.

அமெரிக்காவில் 116 பேரிடம் 12 வாரம் நடந்த சோதனையின் முடிவு 2020-ல் வந்தது. பட்டினி இருந்தவர்களில் சிலரை நுட்பமாக அளந்தார்கள். இழந்த எடையில் பெரும்பங்கு கொழுப்பு அல்ல; தசை!

வயதானவருக்குத் தசைதான் ஊன்றுகோல். அது போனால் கால் தள்ளாடும். விழுந்தால் எலும்பு முறியும்.

ஆத்தாவும் மாத்திரையும்

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து மகன் பேசுகிறான்.

"ஆத்தா, ராத்திரி சாப்பாட்டை விட்டுரு. ஆயுசு கூடுமாம்."

"சரிப்பா."

சாப்பாட்டை விட்டாள். சர்க்கரை மாத்திரையை விடவில்லை. விடியற்காலையில் வேர்த்துக் கொட்டுகிறது. கை நடுங்குகிறது. பேச்சு குழறுகிறது.

ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிட்டது! சில மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும் வெறும் வயிற்றில் இப்படிச் செய்யும். நினைவு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் கிராமத்து வாசலுக்கே வந்தன. அது நல்ல காரியம். ஆனால் மாத்திரை உள்ள வீட்டில், பட்டினி டாக்டரைக் கேட்டே தொடங்க வேண்டும். விரத நாளுக்கும் இதே விதிதான்.

பட்டினி யாருக்கு?

இந்தியாவில் 2017-18-ல் முதியோரைப் பற்றி ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. 60 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு 27 பேர் இருக்கவேண்டிய எடைகூட இல்லாதவர்கள். 22 பேர் அதிக எடை உள்ளவர்கள்.

அந்த 22 பேர் டாக்டரிடம் கேட்டுச் சாப்பாட்டைக் குறைக்கலாம். இரவு 7 மணிக்குள் சாப்பிட்டுவிட்டு, நொறுக்குத் தீனியை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

அந்த 27 பேர்? பல் இல்லாமல், ஒரு டம்ளர் காப்பியோடு இரவைக் கழிப்பவர்கள் அவர்களில் இல்லையா? அவர்களுக்கு இன்னும் என்ன பட்டினி!

நம் மாவட்டத்து வம்பனில் தேசிய பயறு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவான உளுந்து ரகங்கள் நாடறிந்தவை. தசைக்கு வேண்டிய புரதம் பயறில் இருக்கிறது.

ஆகவே, ஆத்தாவிடம் "சாப்பிடாதே" என்று சொல்லுமுன், "இன்று என்ன சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள். பதிலைக் கேட்டபின், உளுந்தங்களி கிண்டுவதா, பட்டினியைப் பற்றி டாக்டரிடம் பேசுவதா என்று முடிவு செய்யுங்கள்!