மூத்தவாப்பாவின் துவக்கு

எங்கள் ஊரின் பழைய வயற்காரக் குடும்பங்கள் சிலவற்றில் ஒரு வேட்டைத் துவக்கு இருக்கும். எங்கள் வீட்டிலும் இருந்தது. மரப்பிடி தேய்ந்து மினுங்கும் ஒற்றைக்குழல் துவக்கு அது. பெரும்போகத்தில் வட்டைக் காவலுக்குப் போகும்போது மூத்தவாப்பா அதைத் தோளில் கொழுவிக்கொண்டு போவாராம். பன்றி விரட்டியது, யானை பரணைச் சுற்றி நின்ற இரவு, மானிறைச்சி பங்கு வைத்தது என்று அதைச் சுற்றி எத்தனையோ கதைகள்.

அவர் மௌத்தான பிறகு துவக்கை ஒப்படைக்க வேண்டும் என்று வாப்பா சொன்னபோது மூத்தம்மா அழுதுவிட்டார். "அவர்ட கைபட்ட சாமான் மகன், எப்படிக் குடுக்கிற?" என்று கேட்டார்.

அந்தக் கண்ணீரை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆனாலும் வாப்பாவின் பக்கமே நியாயம் என்பது என் கருத்து. மண்வெட்டியும் பாக்குவெட்டியும் பழசானால் ஞாபகப் பொருளாகிவிடும். துவக்கு எவ்வளவு பழசானாலும் துவக்குத்தான். அதன் கதை நமக்குத் தெரியும். அதை எடுத்து விளையாடும் சின்னப் பிள்ளைக்குத் தெரியாது.

சட்டமும் பாசத்தைப் பார்ப்பதில்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். அது ஆளுக்குரியது. தகப்பனிடமிருந்து பிள்ளைக்குத் தானாக வந்து சேராது. நாம் பெருமையோடு சொல்லும் மான் வேட்டையும் மரை வேட்டையும் இன்று குற்றங்கள்.

பயிரைக் காக்க அனுமதியோடு துவக்கு வைத்திருக்கும் விவசாயியை நான் குறை சொல்லவில்லை. அது அவருடைய தேவை. வயலும் இல்லாமல், அனுமதியும் இல்லாமல், அலுமாரிக்கு மேலே ஒளித்து வைக்கும் பாசத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். நாம் நேசித்தது அந்த இரும்பையா, அதைச் சுமந்த மனிதரையா?

துவக்கைக் கொடுத்த பிறகு மூத்தம்மாவிடம் கேட்டுக் கேட்டு அந்தக் கதைகளை ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. பெரும்பாலான இரவுகளில் மூத்தவாப்பா சுடவே இல்லையாம். தகரத்தில் தட்டி, கூவி, விடிய விடியக் கண்விழித்தே வயலைக் காத்தாராம்.

பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டியது அந்தக் கண்விழிப்பின் கதையைத்தான். அதற்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை.