வண்ணமீன் தொட்டிக்குப் பழைய செல்போன் காவல்

செங்குன்றம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டுக் கொல்லையில் தொட்டிகள் வைத்து மோலி, கோல்டு ஃபிஷ் வளர்த்து, கொளத்தூர் வியாபாரிகளுக்குக் கொடுத்து வருகிறது அவருடைய குடும்பம். உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போய் ஓர் இரவு தங்கிவிட்டு வந்து பார்த்தால், ஒரு கண்ணாடித் தொட்டியில் தாய் மீன்கள் மொத்தமும் செத்து மிதந்திருக்கின்றன. நடு இரவில் கரன்ட் போனதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள். வெளியூரில் இருந்தபடியே தொட்டியைப் பார்க்க, செலவில்லாமல் ஒரு கேமரா அமைக்க முடியுமா என்பது அவருடைய கேள்வி.

முடியும். இது புதிய யோசனையும் இல்லை. 1994-லேயே அமெரிக்காவில் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மொன்டுல்லி, அலுவலக மீன் தொட்டிக்கு முன்னால் கேமரா வைத்து இணையத்தில் காட்டினார். அவருக்கு அது வேடிக்கை. இங்கே பிழைப்பு.

பீரோவில் சும்மா கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போன் போதும். திரை விரிசல் விட்டிருந்தாலும் பரவாயில்லை, கேமரா நன்றாக இருந்தால் சரி. போனை கேமராவாக மாற்றும் செயலிகள் பிளே ஸ்டோரில் இலவசமாகவே கிடைக்கின்றன. சில செயலிகள் ஒரே வைஃபைக்குள் மட்டும் படம் காட்டும். வீட்டுக்குள் இருந்து பார்க்க அது போதும். வெளியூரிலிருந்து பார்க்க, இரண்டு போனிலும் ஒரே கணக்கில் நுழைந்து பார்க்கும் வகைச் செயலி வேண்டும். கடவுச்சொல்லை வலுவாக வைக்க வேண்டும். கேமரா தொட்டியை மட்டும் பார்க்கட்டும், வீட்டுக்குள் பார்க்க வேண்டாம்.

வைஃபையை நம்புவதைவிட, போனிலேயே ஒரு சிம் போடுவது நல்லது. கரன்ட் போனால் வைஃபை பெட்டியும் அணைந்துவிடும். சிம் போட்ட போன் தன் பேட்டரியில் தொடர்ந்து காட்டும். காற்றுக்கல்லில் இருந்து எழும் குமிழ்கள் படத்தில் தெரியும்படி போனை வைக்க வேண்டும். குமிழ் நின்றுவிட்டால் பம்ப் நின்றுவிட்டது என்று அர்த்தம். இருட்டிலும் இது தெரிய வேண்டுமானால், பேட்டரியில் எரியும் சின்ன எல்.இ.டி. விளக்கு ஒன்று மங்கலாக எரியட்டும். இரவில் பார்க்கும் சிசிடிவி கேமராவைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தால், அதன் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பிப் படம் வெளிறிவிடும்.

பகலிலும் இதே தொல்லைதான். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் வைத்து, போனுக்குப் பின்னால் கறுப்புத் துணி தொங்கவிட்டால் பிரதிபலிப்பு குறையும்.

டேட்டா கணக்கையும் பார்க்க வேண்டும். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் படம் ஓடினால் மணிக்கு 450 எம்.பி. தீரும். தினம் 1.5 ஜி.பி. தரும் பேக் மூன்றேகால் மணி நேரத்துக்குத்தான் வரும். படத்தின் தரத்தைக் குறைத்து, தேவைப்படும்போது மட்டும் இரண்டு நிமிடம் பார்த்தால் போதும்.

எப்போது பார்ப்பது? விடியலுக்கு முன்னால். இரவில் பாசியும் செடியும்கூட ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால், விடியும் நேரத்தில்தான் தண்ணீரில் அது மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றுக் குடித்தால் ஆபத்து நெருங்கிவிட்டது. நெருக்கமாக மீன் விட்ட தொட்டியில் இது சீக்கிரமே வரும். அம்மோனியா ஏறினாலும் மீன் இப்படித் திணறும். எது காரணம் என்று கேமரா சொல்லாது, தண்ணீரைச் சோதித்துத்தான் அறிய வேண்டும்.

பழைய போனை நாள் முழுக்க சார்ஜில் விட்டால் பேட்டரி உப்பும். டைமர் பிளக் மூலம் தினம் சில மணி நேரம் மட்டும் சார்ஜ் ஏற்றலாம். உறையைக் கழற்றிவிட்டால் சூடு குறையும். தொட்டி அருகே போகும் வயர், பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலே ஏற வேண்டும். அப்போதுதான் வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டும். அந்த இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அவசியம்.

இன்னொன்று. கேமரா காட்டும், காப்பாற்றாது. அறுபது கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து மீன் சாவதைப் பார்த்து என்ன பயன்? கரன்ட் போனதும் தானாக ஓடத் தொடங்கும் பேட்டரி ஏர் பம்ப் கடைகளில் கிடைக்கிறது. கையில் இருக்கும் காசில் முதலில் அதை வாங்கிவிட்டு, பிறகு கேமரா வேலையைத் தொடங்கலாம். வெளியூர் போகும்போது பக்கத்து வீட்டில் ஒருவரிடம் கொல்லைச் சாவியைக் கொடுத்து, அந்தப் பம்பை எப்படிப் போடுவது என்று ஒருமுறை காட்டிவிட்டுப் போக வேண்டும்.