எதுக்குத் தம்பி கத்தி?

பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். வழக்கமாகக் கைமாற்றுக்காகத்தான் கூப்பிடுவார். இந்த முறை கேட்டது வேறு.

"ஒரு சர்வைவல் கத்தி வாங்கணும்பா. மடக்குக் கத்தி வேணாம். மடங்காதது. கூட நல்ல உறை. எது வாங்கலாம்?"

ஆசாமி ஆப்பிளையே மனைவி நறுக்கிக் கொடுத்தால்தான் சாப்பிடுவார். விசாரித்தால், சனி ஞாயிறு நாலு பேராகச் சேர்ந்து மலையேறி டென்ட் அடிக்கப் போகிறார்களாம். போகட்டும். இந்த விஷயத்தில் ஏற்கெனவே நஷ்டப்பட்டவன் என்ற தகுதி எனக்கு உண்டு. பி.காம். படித்தவன் நஷ்டத்தை மறைக்கக் கூடாது, கணக்கில் காட்டிவிட வேண்டும்.

முதல் நஷ்டம் 1,499 ரூபாய். 1982-ல் வந்த 'ஃபர்ஸ்ட் பிளட்' படத்தைக் கேபிள் டி.வி.யில் பார்த்து வளர்ந்தவன் நான். அதில் ராம்போ வைத்திருப்பாரே, அதே ஜாடையில் ஒரு கத்தியை ஆன்லைனில் வாங்கினேன். முதுகில் ரம்பப் பல். பிடி உள்ளே குழாய் மாதிரி காலி. மூடியைத் திருகினால் தீக்குச்சி, தூண்டில் முள், நூல். மூடி மேல் ஒரு குட்டிக் காம்பஸ். எல்லாம் சேர்த்து ஒரு மளிகைக் கடையே இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போனோம். கரியாலூர் தாண்டி ஓர் இடத்தில் ராத்திரி சமையல். வழிகாட்ட வந்த மலைக்காரர் ஒருவர் ஓரமாக உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஸ்டைலாகக் கத்தியை உருவி, ஒரு விறகின் மேல் வைத்து, முதுகில் கல்லால் தட்டினேன். மூன்றாவது தட்டில் அலகு விறகிலேயே நின்றுவிட்டது. பிடி என் கையில். காம்பஸைப் பார்த்தேன். அது கூச்சப்படாமல் என்னையே காட்டியது.

மலைக்காரர் எழுந்து வந்தார். இடுப்பிலிருந்து கொடுவாளை எடுத்து ரெண்டு போடு போட்டார். விறகு நாலாகப் பிளந்தது. கீழே கிடந்த என் பிடியை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்து, "தீக்குச்சி உள்ள பத்திரமா இருக்கு சார்" என்றார்.

பிறகு கழற்றிப் பார்த்ததில் சூட்சுமம் புரிந்தது. அலகின் இரும்பு பிடிக்குள்ளே ஒரு விரல் நீளம் கூடப் போகவில்லை. ஒரு நட்டு, ஒரு போல்ட், அவ்வளவுதான். பிடி காலியாக இருந்தால் இரும்பு போவதற்கு இடம் ஏது?

இது சிரித்துவிட்டுப் போகிற நஷ்டம். அடுத்தது அப்படி இல்லை.

என் தாய்மாமா இருப்பது மணலூர்பேட்டை. தென்பெண்ணைக் கரையில், திருக்கோவிலூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில் உள்ள ஊர். தை மாதத்தில் அண்ணாமலையாரே தீர்த்தவாரிக்கு இந்த ஆற்றுக்குத்தான் வருவார். வருஷத்தில் பாதி நாள் மணல்தான் ஓடும் என்று சின்ன வயசில் நாங்கள் கிண்டல் செய்த ஆறு.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. மழை நிற்கவில்லை. டிசம்பர் 2 விடியற்காலை சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். கரையோர ஊர்களெல்லாம் மூழ்கின. மணலூர்பேட்டைக்குள்ளும் ஆறு புகுந்துவிட்டது.

மாமாவுக்கு ரெண்டு மாடு, ஒரு கன்று. அத்தையை எதிர்வீட்டு மாடிக்கு ஏற்றிவிட்டு மாட்டுக் கொட்டாய்க்கு ஓடியிருக்கிறார். கரண்ட் இல்லை. தண்ணீர் முழங்காலைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. மூன்றும் நைலான் கயிற்றில் கட்டியிருந்தன. பயந்துபோய் மாடு இழுக்க இழுக்க, ஈர முடிச்சு இறுகிக் கல்லாகிவிட்டது. விரலால் அவிழ்க்க முடியவில்லை.

கொடுவாள் இருந்தது. கூரையில் செருகி வைத்திருந்தது. எந்தப் பக்கம் செருகினோம் என்று அந்த இருட்டில் கையால் துழாவுகிறார். தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆடு மேய்ப்பவர். தழை வெட்டுவதற்காக எப்போதும் ஒரு சின்னக் கத்தியை உறையோடு இடுப்பு பெல்ட்டில் மாட்டியிருப்பார். அவர் நீந்தாத குறையாக வந்து, உருவி, ரெண்டு கயிற்றை ரெண்டு இழுப்பில் அறுத்தார். மாடு ரெண்டும் மேட்டுக்கு ஏறிவிட்டன.

கன்று அதற்குள் போய்விட்டது.

தண்ணீர் வடிந்தபின் நான் போனபோது மாமா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு. அரிசி மூட்டை, பீரோ எல்லாம் போச்சு. அதைப் பற்றியெல்லாம் அவர் பேசவில்லை.

"கத்தி இருந்துச்சு மாப்ள. இடுப்புல இல்ல" என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இவருக்கு ஒரு கத்தி வாங்கிக் கொடுப்பது என்று மட்டும் முடிவு செய்தேன். இந்த முறை காம்பஸ் இல்லாமல்.

ஒரு மாசம் கழித்து, சேறெல்லாம் வழித்தெடுத்து உலை மூட்டியிருந்த ஒரு பட்டறைக்குப் போனேன். "ஐயா, ஒரு கத்தி செய்யணும்" என்றதும் பட்டறைக்காரர் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு நீளமான நோட்டை எடுத்தார்.

"பேரு, விலாசம், போன் நம்பர் சொல்லு. எதுக்குத் தம்பி கத்தி?"

2021 செப்டம்பரில் ரௌடி வேட்டை நடந்தபோது, கத்தி அருவாள் வாங்குகிறவர்களின் விவரத்தைக் குறித்து வைக்கச் சொல்லிப் பட்டறைகளுக்குப் போலீஸ் உத்தரவு போட்டது. பலருக்கு அதில் எரிச்சல். எனக்கென்னவோ, இந்தியாவில் கத்தி வாங்குகிறவனைக் கேட்க வேண்டிய முதல் கேள்வியை ஒரு வழியாகக் கேட்டுவிட்டார்கள் என்று தோன்றியது. எதற்கு என்று தெரியாமல் வாங்கித்தானே நான் 1,499 ரூபாயைத் தொலைத்தேன்!

"தண்ணியில, இருட்டுல, மாட்டுக் கயிறு அறுக்க" என்றேன். அவர் எழுதவில்லை. நிமிர்ந்து பார்த்தார். நோட்டை மூடிவிட்டு உட்காரச் சொன்னார்.

அன்றைக்கு அவரிடம் நான் கற்றதை நண்பருக்காகவும் உங்களுக்காகவும் தருகிறேன்.

இரும்பு: லாரி ஸ்பிரிங் பட்டை. அதில் நூற்றுக்குச் சுமார் 0.6 பங்கு கரி இருக்கும். கரி குறைந்தால் கூர் நிற்காது. அதிகமானால் கூர் நிற்கும், ஆனால் அடி தாங்காமல் சில்லு பெயரும். ஸ்டெயின்லெஸ் துருப் பிடிக்காது. ஆனால் நல்ல ஜாதி ஸ்டெயின்லெஸ் விலை ஜாஸ்தி. மட்டமானதில் செய்த கத்தி வாழைப்பழத்துக்கு மட்டும்தான் உதவும்.

பதம்: சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் கத்தி கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது. கீழே விழுந்தாலே உடையும். அதனால் மறுபடி லேசாகச் சூடு காட்டி, தேய்த்த இடத்தில் வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்துகிறார். "இந்தக் கலரு தப்பிச்சுதுன்னா கத்தி போச்சு தம்பி" என்றார். தெர்மாமீட்டர் கிடையாது, கண்தான்.

இந்த வித்தை இந்தச் சீமைக்குப் புதுசில்லை. இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மேல்சிறுவள்ளூர் என்று ஓர் ஊர். 1990களில் ஆராய்ச்சியாளர் சாரதா சீனிவாசன் அங்கே பழங்காலத்து மூசைத் துண்டுகளைக் கண்டெடுத்து, உருக்கு செய்த இடம் என்று எழுதினார். நம் உருக்குதான் வெள்ளைக்காரன் வாயில் 'வூட்ஸ்' ஆனது என்பார்கள். மின்சாரத்துக்குப் பேர்போன மைக்கேல் ஃபாரடே, ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக்காரரோடு சேர்ந்து 1820 வாக்கில் இதை ஆராய்ந்து மண்டையை உடைத்துக்கொண்டார். நான் மட்டும் ரம்பப் பல் வைத்த தகரத்தை ஆன்லைனில் வாங்கினேன்.

நீளம்: அலகு நாலு முதல் ஆறு அங்குலம் போதும். அதற்கு மேல் போனால் சின்ன வேலைக்கு உதவாது. மரம் வெட்டத்தான் கொடுவாள் இருக்கிறதே! கனம் மூன்றிலிருந்து ஐந்து மில்லிமீட்டர். முதுகில் ரம்பப் பல் வேண்டவே வேண்டாம். அந்தப் பல் மரத்தையும் அறுக்காது, உறையைத்தான் அறுக்கும்.

பிடி: இரும்பு பிடியின் கடைசி வரை போக வேண்டும். ரெண்டு பக்கமும் கட்டை வைத்து ஆணி அடித்திருந்தால் ஓரத்தில் இரும்பு கண்ணுக்குத் தெரியும். தெரியாவிட்டால் கேளுங்கள். வழுக்குகிறதா என்று பார்க்கப் பட்டறைக்காரர் ஒரு பரீட்சை சொன்னார். கையில் சோப்பைக் குழைத்துக்கொண்டு, உறையைக் கழற்றாமல் பிடித்து ஒரு குத்துக் குத்திப் பார்க்கணும். கை முன்னே சறுக்கினால் அந்தக் கத்தி நம்மைத்தான் முதலில் வெட்டும்.

கத்தி நானூறு ரூபாய்க்கு முடிந்தது. "உறை நம்மகிட்ட கிடையாது" என்று சொல்லிவிட்டார்.

திருக்கோவிலூரில் செருப்பு, பெல்ட் தைக்கும் பெரியவர் ஒருவரைப் பிடித்தேன். கத்தியை வாங்கித் தாளில் வைத்துக் கோடு போட்டார். "ஐநூறு ஆகும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கத்தியை விட உறை விலை அதிகமா? வணிகவியலில் இதற்கு விதியே கிடையாதே.

"கத்தி எப்பவாவது வெட்டும் தம்பி. உறைதான் நாள் பூரா வேலை செய்யுது" என்றார்.

அவர் செய்ததைப் பார்த்தபின் ஐநூறு நியாயம் என்று பட்டது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட கெட்டித் தோல். ரெண்டு தோலையும் நேராகச் சேர்த்துத் தைக்காமல், கூர் படுகிற ஓரத்தில் நடுவே ஒரு தோல் பட்டையை வைத்துத் தைத்தார். அது இல்லாவிட்டால் கத்தி ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் தையலை அறுக்கும். ஒரு நாள் தையல் விட்டு, முனை தொடைக்குள் இறங்கும். அடியில் ஒரு சின்ன ஓட்டை, தண்ணீர் வடிய. தோலை நனைத்து, கத்திக்கு பிளாஸ்டிக் தாள் சுற்றி உள்ளே விட்டு, அதன் வடிவத்துக்கே அழுத்தி உலர்த்தினார். காய்ந்ததும் தோல் கத்தியைக் கவ்விக்கொண்டது.

உறைக்கும் பரீட்சை உண்டு. கட்டில் மெத்தைக்கு மேல் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். விழக் கூடாது. இடுப்பில் மாட்டி, கண்ணை மூடி, ஒரே கையால் உருவுங்கள். வர வேண்டும். பிறகு இடது கையால். ரெண்டு பரீட்சையில் ஒன்று தேறி ஒன்று ஃபெயிலானாலும் உறை ஃபெயில்தான்.

வீட்டில் சும்மா இருக்கும்போது கத்தியைத் தோல் உறைக்குள் போட்டு மாசக்கணக்கில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும், துரு ஏறும். துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவித் தனியே வையுங்கள். அடிக்கடி சாணை பிடிக்கவும் ஓடாதீர்கள். கத்திக்கும் தேய்மானக் கணக்கு உண்டு. கல்லில் நாலு இழுப்பு போதும்.

கடைசியாகச் சட்டம். ஆயுதச் சட்ட விதிகளின்படி ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ, ரெண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதக் கணக்கில் வரும். வீட்டு உபயோகம், விவசாயம், தொழிலுக்கானவை விதிவிலக்கு. அதற்காக ஐந்து அங்குலக் கத்தியைக் கட்டிக்கொண்டு மாநகரப் பேருந்தில் ஏறாதீர்கள். விதிவிலக்கை ஸ்டேஷனில் உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கும். துணியில் சுற்றிப் பை அடியில் போடுங்கள். வனவிலங்குச் சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் எந்த ஆயுதமும் கொண்டுபோகக் கூடாது.

இவ்வளவையும் போனில் கேட்ட நண்பர், "சரி, லிங்க் அனுப்பு" என்றார். எதற்கு என்று முதலில் முடிவு பண்ணு என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மாமாவிடம் கத்தியைக் கொடுத்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெல்ட்டில் மாட்டினார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம் உருவிப் பார்த்தார். திரும்ப உள்ளே விட்டார். கொட்டாய்ப் பக்கம் போனார். அங்கே கன்று கட்டுகிற முளைக்குச்சி அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

அதற்கப்புறம் வடகிழக்கு மழை என்று டி.வி.யில் சொன்னாலே நான் போன் போட்டுவிடுவேன். "இருக்குதா மாமா?"

"இடுப்புல இருக்கு மாப்ள."

பின்னாலிருந்து அத்தை குரல் கேட்கும்: "தூங்கும்போதாவது அதக் கழட்டி வைக்கச் சொல்லுப்பா. நான் சொன்னா எங்க கேக்குறாரு!"